ஒண்ணரை லட்சம் வெள்ளி அட்டை

— இறங்குங்க தலைவரே. அந்த அட்டைச் செக்கக் கழட்டக் கூடாது.

— நீ பேசாம ஏணியப் புடி மோகனா. ரெண்டே ஆணி. கழட்டித் தூள் மூட்டைக்குப் பின்னால சொருகிட்டா ஒருத்தனுக்கும் தெரியாது லா.

— மணி எட்டரை ஆச்சு. பத்து மணிக்கு வெளிநாட்டு அதிகாரிங்க ரெண்டு பேரும் தானா ராத்தா ஓட்டல்லேருந்து நேரா நம்ம தேயிலை ஃபேக்டரிக்கு வந்து நிப்பாங்க. அந்த நேரத்துல கூட்டுறவுச் சங்கத் தலைவரு ஏணி மேல நின்னு சுவத்துல இருக்கிறத ஒளிச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?

— அவங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். கியாரண்டி.

— உங்க கியாரண்டிய மடிச்சு ஜோப்புல வைங்க. இதோட போட்டோ ஏற்கெனவே அவங்க கையில இருக்கு. அஞ்சு வருஷமா தொங்குன எடம், சுவத்துல எட்டடி நீளத்துக்குத் தடம் பளிச்சுன்னு தெரியும். மறைச்சுட்டாங்கன்னு எழுதுனாங்கன்னா அப்பறம் நாம வாயத் தொறந்து பிரயோஜனம் இல்ல. கையில கெடச்சத வெச்சே தீர்ப்பு எழுதிருவாங்க.

— அது எப்படி எழுதுவாங்க? நீ எப்பவும் என்னைக் கேப்பியே, இப்ப நான் கேக்குறேன். எழுத்துல இருக்கா?

— இருக்கு. உலக வர்த்தக அமைப்போட மானிய ஒப்பந்தம், பன்னெண்டாவது விதி. ஒத்துழைக்கலன்னா இருக்கிற தகவலே போதும்னு போட்டிருக்கு. இறங்குங்க.

— சரி, இறங்குறேன். மெதுவாப் புடி. அறுபத்தி மூணு வயசு முட்டி.

— உக்காருங்க. பாலில்லாத தே ஓ ஊத்தி வெச்சிருக்கேன். ஆறிடப் போவுது.

— அந்த அட்டையப் பாத்தா இப்பக்கூட எனக்கு நெஞ்சு நிமிருது மோகனா. நீ இங்க கணக்கு எழுதச் சேந்தே ரெண்டு வருஷந்தானே, நீ பாக்கல. பதினெட்டு குடும்பமும் பட்டுச்சேலையும் பாத்தேக் சட்டையுமா வந்து நின்னுச்சு. மேளம் என்ன, மால என்ன! நம்ம தொகுதி மெம்பர் ஒய்.பி. ஒரு பக்கம் புடிக்கிறாரு, நான் ஒரு பக்கம் புடிக்கிறேன், கேமராக்காரன் சிரிங்க சிரிங்கங்கிறான். ஒண்ணரை லட்சம் வெள்ளி! ஃபேக்டரிக்குப் புது மிஷின் வாங்க! மறுநாள் பேப்பர்ல ஜெகதீஸ்வரன் மூஞ்சி அரைப் பக்கத்துக்கு.

— தெரியும். தானா ராத்தாவுல கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கியாந்து மாட்டுனீங்க. ஆயுத பூஜைக்கு ரோலர் மிஷினுக்குச் சந்தனம் வெச்சப்ப இந்த அட்டைச் செக்குக்கும் வெச்சீங்க. அதோ, இன்னும் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு.

— பின்ன? அதனாலதானே மிஷினு வந்துச்சு.

— அதத்தான் தலைவரே அவங்களும் சொல்றாங்க. சரி, ஒத்திகை பாப்போம். நான்தான் அதிகாரி. நீங்க யாரு, இது என்ன எடம்?

— நான் ஜெகதீஸ்வரன். இது பழைய எஸ்டேட்டுல துரைமாருங்க கைகழுவிட்டுப் போன மேல் டிவிஷன். கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த பதினெட்டு குடும்பம் ஒண்ணாச் சேந்து குத்தகைக்கு எடுத்தோம். நாங்களே எடுக்கிறோம், நாங்களே வாட்டி உருட்டிக் காய வைக்கிறோம், நாங்களே பொட்டலம் கட்டி உங்க ஊருக்கு அனுப்புறோம். எந்தக் கங்காணியும் எங்கள வெரட்டுறதில்ல. போதுமா?

— கங்காணி வேணாம், மத்ததெல்லாம் சரி. இது என்ன கேஸு?

— உங்க ஊரு தேயிலைக்காரன் அழுவுறான். மலேசியாத் தேயிலை வெல கம்மியா வருது, ஏன்னா அவங்க அரசாங்கம் பின்னாலேருந்து காசு குடுக்குது, எங்க பொழப்பு போவுதுன்னு. உண்மையா இருந்தா, அரசாங்கம் எவ்வளவு குடுத்துச்சோ அவ்வளவுக்கு உங்க சுங்கத்துல எதிர் வரி போட்டுச் சமம் பண்ணிருவீங்க. பொய்யா இருந்தா, தே ஓ குடிச்சுட்டு ஊருக்குப் போவீங்க.

— நாப்பது பக்கத்துல எழுதியிருக்கிறத நாலு வரியில சொல்லிட்டீங்களே!

— நான் தலைவரு ஆனது சும்மாவா?

— அடுத்தது. உரத்துக்கு மானியம் வாங்குறீங்களா?

— வாங்குறோம். நாங்க மட்டுமா? கோலா தெர்லாவுல கோபிஸ் போடுற சீனன் வாங்குறான், கம்போங் ராஜாவுல தக்காளி போடுறவன் வாங்குறான், கீழ நாட்டுல நெல்லு போடுறவனும் வாங்குறான்.

— அப்படியே சொல்லுங்க. எல்லாருக்கும் குடுக்கிறத மானியக் கணக்குல சேக்க முடியாது. ஒரு தொழிலுக்கோ ஒரு கம்பெனிக்கோ குறிப்பாக் குடுத்தாத்தான் சேரும். ஃபேக்டரிக்கு வர்ற தார் ரோடு?

— அதுலதான் பள்ளிக்கூட பஸ்ஸும் போவுது, நாயும் படுத்துக் கெடக்குது.

— நாய விட்டுருங்க. பொது ரோடு, அதுவும் சேராது. முருகன் கோயில் கூரைக்கு அதே ஒய்.பி. இருபதாயிரம் குடுத்தாரே?

— அது நெசமாவே வந்துச்சு. ஏன், முருகன் தேயிலை ஏத்துமதி பண்றாரா?

— இந்தப் பதில நீங்க அப்படியே சொல்லுங்க, நான் இங்லீஷ்ல மாத்திக்கிறேன். வெளிநாட்டுப் பொருட்காட்சியில கடை போட உதவித்தொகை?

— வாங்குனோம். அதுல பொய் சொல்லி என்ன ஆவப் போவுது?

— அது ஏத்துமதிக்குன்னே குடுத்தது, கண்டிப்பாச் சேரும். ஆனா எல்லாத்தையும் கூட்டுனா ஒரு விழுக்காடுகூட வரல. நம்ம மாதிரி வளரும் நாட்டுக்கு ரெண்டு விழுக்காட்டத் தாண்டலன்னா கேஸ மூடிறணும். இதுவும் எழுத்துல இருக்கு. நானூறு கேள்விக்குப் பதில் எழுதியிருக்கேன் தலைவரே, ஒரு ஓட்ட கெடையாது. யாரு வந்தாலும் நிப்பேன்.

— அப்பறம் என்ன? நான் அப்பவே சொன்னேன்ல, கியாரண்டின்னு.

— அந்த அட்டை ஒண்ணுதான். ஒண்ணரை லட்சத்த மிஷினோட ஆயுசு பத்து வருஷத்துக்குப் பிரிச்சுப் போட்டு, நம்ம வருஷ விக்கிரிக்கு வகுத்தா ஆறு விழுக்காடு. மத்ததும் சேந்து ஏறக்கொறைய ஏழு. போன மாசமே அவங்க போட்ட முதல் கணக்கு அதுதான். ஏழுன்னு முடிவாச்சுன்னா அங்க வாங்குறவரு நம்மள விட்டுட்டு வேற நாட்டுக்குப் போயிருவாரு. மெயில்ல தெளிவாப் போட்டிருக்காரு.

— தெரியும் மோகனா. நீ படிச்சுக் காட்டுன அன்னிக்கு நான் தூங்கல.

— ஆர்டர் நின்னா ரெண்டே மாசம். ஃபேக்டரிய மூடிட்டு, பதினெட்டு குடும்பமும் கொழுந்த மூட்டை கட்டி ரோட்டு மேல வெச்சுக்கிட்டு, வெளியாளு லோரி எப்ப வரும், அவன் என்ன வெல சொல்லுவான்னு நிக்கணும். பழையபடி.

— நிக்க விட மாட்டேன்.

— அப்ப பத்து மணிக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. செக்கு வெறும் அட்டை, காசு வரல. அரசாங்கமும் தன்னோட ரெகார்டுல அப்படிக் காசு போகலன்னு எழுதிக் குடுத்திருச்சு. நீங்களும் சொன்னா ரெண்டும் பொருந்திரும்.

— வந்துச்சுன்னே சொல்லிருவோம்.

— என்னது?

— வந்துச்சுன்னே சொல்லிருவோம்கிறேன். அந்த ஏழு விழுக்காட்டயும் என் பங்குலேருந்து நான் கட்டிர்றேன்.

— தலைவரே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? கட்டிட்டா மட்டும் போதுமா? வாங்குறவரு காகிதத்துல ஏழப் பாத்ததும் ஓடிருவாரு. அதுவுமில்லாம வராத காசுக்கு வரி கட்டுன சங்கம் இந்த உலகத்துலயே நாமதான்னு பேரு வாங்குவோம். கல்யாணமே ஆவாம மாமியார் வீட்டுக்குச் சீர் செஞ்ச கத.

— சிரி, நல்லாச் சிரி.

— சிரிக்காம என்ன செய்யறது? யாருக்குப் பயப்படுறீங்க? ஒய்.பி.க்கா? அவரு தோத்து அஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப ஈப்போவுல பேரப்புள்ளையத் தூக்கிக்கிட்டு இருக்காரு.

— அவருக்கு எதுக்கு நான் பயப்படணும்? பாவம், அந்தாளு ஏமாத்தணும்னு செய்யல. விழா முடிஞ்சு ரெண்டாவது மாசம் தேர்தல். ஆட்சி மாறுச்சு, ஆஃபீசுல ஆளு மாறுனான், நம்ம ஃபைலு எந்த மேசையில கெடக்குதுன்னு கேட்டா மேசையவே மாத்திட்டாங்கங்கிறான்.

— அப்பறம்? பக்கத்துத் தோட்டத்து சாம்பசிவத்துக்குப் பயமா? அவருதான் இந்தப் போட்டோவ அவங்க ஊருக்கு அனுப்பியிருப்பாருன்னு நீங்க ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கீங்க.

— அவன்தான். அவனுக்கு நம்ம சங்கம்னா வயித்தெரிச்சல். அவனோட தேயிலைய வாங்க ஆளு இல்ல.

— இந்தப் பக்கத்தப் பாருங்க. அவங்க ஊர்க்காரங்க குடுத்த புகாரு, பின்னிணைப்பு ஒம்பது. போட்டோவுக்குக் கீழ என்ன இருக்கு?

— கண்ணாடிய வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். நீயே சொல்லு.

— நம்ம சங்கத்தோட விளம்பரப் புத்தகம். மூணாம் பக்கம். 'எங்கள் அரசாங்கமே எங்களுக்குத் துணை நிற்கிறது.' பொருட்காட்சியில நீங்களே கைப்பட எரநூறு பிரதி குடுத்துட்டு வந்தீங்க. அதுல ஒண்ணு அவங்க ஊரு தேயிலைச் சங்கத்துக்காரருக்கு. தேதியோட எழுதியிருக்காங்க.

— ஐயோ.

— ஐயோதான்.

— அந்தச் செவப்பு டை கட்டுனவனா? நல்லாச் சிரிச்சுப் பேசுனானே மோகனா. இதென்ன பெரிய செக்குன்னு கேட்டான். நானும் பெருமையா... அரசாங்கம் பின்னால நிக்குதுன்னா நம்பி வாங்குவாங்கன்னு நெனச்சேன். கோலாலம்பூர்ல கடை வெக்கிறவன்லாம் அப்படித்தானே போட்டோ மாட்டுறான்.

— இங்க அது மாலை. அங்க அது சாட்சி. போவட்டும், சாம்பசிவத்துக்கிட்ட ஒரு நாளு மன்னிப்புக் கேட்டுக்கலாம்.

— கேக்குறேன். தீவாளிக்கு.

— இப்ப உண்மையச் சொல்லுங்க. நேத்து சங்கத்தோட பழைய பேங்க் ஸ்டேட்மெண்ட எடுத்துப் பாத்தேன். செக்கு குடுத்த விழாவுக்கு அஞ்சு மாசம் கழிச்சு, ஒரே நாள்ல ஒண்ணரை லட்சம் உள்ள வந்திருக்கு. ரொக்கமா. யாருன்னு பேரு இல்ல. ஒரு வெள்ளி கூடக் கொறைய இல்ல, ஒரு வெள்ளி கூடக் கூட இல்ல.

— இந்தத் தே ஓ ஆறிப் போச்சு லா.

— போட்டோவுல ஒண்ணரை லட்சம், பேங்க்குல ஒண்ணரை லட்சம். நானே அதிகாரியா இருந்தா நானே ஏழு விழுக்காடு போடுவேன். அரசாங்கம் குடுக்கல, வானத்துலேருந்தும் விழல. மிஷின் காசு எங்கேருந்து வந்துச்சு தலைவரே?

— என் வீட்டுக்காரி எங்க? சாரதா?

— அக்கா வாட்டல் ரூம்புல இல்ல. நீங்கதானே சொன்னீங்க, கோலா தெர்லாவுக்குப் பூப்பறிக்கப் போயிருக்காங்கன்னு. இன்னிக்கு வெள்ளிக்கிழமை.

— ஆமால்ல. கதவச் சாத்து.

— சாத்தியாச்சு.

— மிஷினுக்கு முன்பணம் கட்டியாச்சு மோகனா. செக்கப் பாத்த தைரியம். மிஷின் கிள்ளான் துறைமுகத்துல வந்து எறங்கிக் கெடக்குது, ஒவ்வொரு நாளும் அதுக்கு வாடக. நம்ம பேச்ச நம்பிப் பதினெட்டு குடும்பமும் வெளியாளுக்குக் கொழுந்து குடுக்கிறத நிறுத்திட்டாங்க. முருகையா தெனம் காலையில வாசல்ல வந்து நிப்பான், 'காசு வந்திருச்சா தலைவரே'ன்னு. நான், 'கியாரண்டி'ங்கிறது. எத்தனை நாளைக்குச் சொல்றது?

— அதனால?

— கோலா தெர்லாவுல ஒரு கெபுன் இருந்துச்சுல்ல, சின்னத் தோட்டம். செவ்வந்திப் பூ போட்டோமே. நிலத்தோட கிராண்ட் எம்பேருல. அத வித்துட்டேன்.

— தலைவரே!

— சரியா ஒண்ணரை லட்சத்துக்கு. எரநூறு கூடக் குடுத்திருப்பான், நான்தான் வேணாம்னுட்டேன். தொகை மாறுனா சனங்களுக்குச் சந்தேகம் வரும்ல. ரொக்கமாக் கட்டுனா பேரு தெரியாதுன்னு ஒருத்தன் சொன்னான். கட்டிட்டு வந்து முருகையாகிட்ட சொன்னேன், 'செக்கு பாஸாயிருச்சு'ன்னு. அன்னிக்கு ராத்திரி லைன் வீடு பூராவும் கோழி அடிச்சுத் தின்னுச்சு.

— அப்ப அந்த மிஷினு உங்க காசு!

— சத்தம் போடாத லா.

— ஏன் போடக் கூடாது? சொந்த நிலத்த வித்து சொந்தச் சங்கத்துக்குப் போட்ட காசு! இதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா? மானியம் சைபர்! தலைவரே, நாம ஜெயிச்சுட்டோம்! வித்த பத்திரம் எழுத்துல இருக்கா?

— இருக்கு. தாப்பா வக்கீல் ஆஃபீசுல போட்டது. டிராயர்ல, அடியில.

— எடுங்க! இத இத்தனை நாளு வெச்சுக்கிட்டா 'வரி கட்டுறேன்'னு ஒளறுனீங்க?

— எடுக்க மாட்டேன்.

— ஏன்?

— சாரதாவுக்குத் தெரியாது.

— கெபுன வித்தது அக்காவுக்குத் தெரியாதா? அஞ்சு வருஷமாவா?

— மகேனுக்குப் பஜாக் விட்டிருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேன். பத்து வருஷக் குத்தகை, அப்பறம் திரும்பி வந்துரும்னு. கம்போங் ராஜாவுல லோரி ஓட்டுறானே, என்னைச் சித்தப்பான்னு கூப்புடுற நம்ம மகேன், அவன்தான் வாங்குனான். அந்தக் கெபுன் அவ கையால வளந்தது மோகனா. எஸ்டேட் வேல முடிஞ்சு வந்து, பிளாஸ்டிக் கூரைக்குக் கீழ ஒவ்வொரு செடிக்கும் வல கட்டி நிமித்துவா. பஜாக்குன்னு சொன்ன அன்னிக்கே உக்காந்து அழுதா. வித்துட்டேன்னு சொல்லியிருந்தா?

— அதுக்காக இந்தப் பொய்ய...

— இப்பக்கூட வெள்ளிக்கிழமையானா போறா. மகேன் நல்ல பையன், பூப்பறிக்க விடுறான். பூவ மேசையில வெச்சுட்டு எம்மூஞ்சியப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிப்பா. 'இன்னும் அஞ்சு வருஷந்தாங்க, நம்ம கெபுன் திரும்பி வந்துரும்'பா. அவ ஆசப்பட்டது ரெண்டே ரெண்டு. ஒண்ணு அந்தக் கெபுன். இன்னொண்ணு, இபிஎப் காசு வந்ததும் ராமேஸ்வரம் திருச்செந்தூருன்னு சுத்திட்டு வரணும்னா. அதுவும் காசு வந்த வருஷம் கால் வலிக்குதுன்னு வேணாம்னுட்டா.

— மலையில ஏறிப் பூப்பறிக்கிற காலு ராமேஸ்வரத்துக்கு வலிக்குதா?

— வயசாச்சுல்ல.

— சரி, கேளுங்க. ரகசியம்னு முத்திரை போட்டு இந்தப் பத்திரத்தக் குடுக்கலாம். வெளிய வர்ற அறிக்கையில சுருக்கம் மட்டுந்தான் வரும், பேரு வராது. அதுக்கும் விதி இருக்கு.

— அதிகாரிக்கு ரகசியம். சாரதா பக்கத்து ரூம்புல வாட்டல் தட்டுகிட்ட நிப்பா. முப்பது வருஷம் பெரிய எஸ்டேட்டு ஃபேக்டரியில சூப்பர்வைசரா இருந்தவ. அவ இங்லீஷு ஒன்னையவிட நல்லாருக்கும்.

— அப்ப ஒண்ணு செய்ங்க. அக்கா அதிகாரிங்க வாயால கேக்குறதுக்கு முன்னால நீங்க உங்க வாயால சொல்லிருங்க. திட்டுவாங்க, ரெண்டு நாளு சோறு போட மாட்டாங்க. அவ்வளவுதானே? பதினெட்டு வீட்டு அடுப்ப விடப் பெரிசா அது?

— திட்டுனா பரவால்ல மோகனா. திட்டாம இருந்துட்டா?

— பதினெட்டு அடுப்பு தலைவரே.

— இந்தா, டிராயர் சாவி. பச்சை ஃபைலுக்குள்ள இருக்கும். எடு. எடுத்துரு, நான் மனசு மாறுறதுக்குள்ள.

— எடுத்துட்டேன். விக்கிறவரு ஜெகதீஸ்வரன், வாங்குறவரு மகேன். தொகை, தேதி, கையெழுத்து, முத்திரை. அருமை தலைவரே, ரொம்ப அருமை... ஒரு நிமிஷம்.

— என்ன ஒரு நிமிஷம்?

— அஞ்சு வருஷத்துக்கு முன்னால மகேன்கிட்ட என்ன இருந்துச்சு? ஒரே ஒரு பழைய லோரி. அதுவும் ஏத்தத்துல எல்லாரும் எறங்கித் தள்ளணும். அவன்கிட்ட ஒண்ணரை லட்சம் ஏது?

— நாலு நம்பர் லாட்டரி அடிச்சிருக்கும்னு நெனச்சேன். காசு குடுக்கிறவன்கிட்ட எப்படிக் குடுத்தேன்னா கேப்பாங்க?

— அவங்க கேப்பாங்க. அரசாங்கம் நேராக் குடுக்காம, வேற ஒரு தனியாளு கையில சொல்லிக் குடுக்க வெச்சாலும் மானியந்தான். ஒப்பந்தத்தோட மொத விதி. ஒய்.பி. கட்சிக்காரன் எவனாவது மகேன் கையில குடுத்து உங்ககிட்ட நிலம் வாங்கச் சொல்லியிருந்தான்னு வைங்க, நாம திரும்பவும் ஏழு விழுக்காட்டுக்கு வந்து நிப்போம்.

— முருகா. அப்படியெல்லாம் இருக்குமா?

— இருக்கக் கூடாது. இதோ, மகேனுக்கு மெசேஜ் போடுறேன். 'மகேன், கெபுன் வாங்க உனக்குக் காசு எங்கேருந்து வந்துச்சு, ஆதாரம் உடனே வேணும், ஃபேக்டரி பொழைக்கிறதே இதுலதான் இருக்கு.' பாத்துட்டான். எழுதுறான்.

— என்னங்கிறான்?

— 'பத்து நிமிஷம் டைம் குடு மோகனா, ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.'

— ஒருத்தரா? எந்த ஒருத்தர்? ஈப்போவுக்குப் போன் பண்றானா?

— தெரியல. தே ஓவக் குடிங்க.

— எங்க எறங்கும்? ஏன் மோகனா, ஒய்.பி. காசா இருந்துட்டா... அந்த அட்டை உண்மையாயிரும்ல? நான் வித்ததும் வீணு, சொன்ன பொய்யும் வீணு.

— நான் இருக்கேன்ல. எது வந்தாலும் எழுத்துல இருக்கிறத வெச்சுப் பேசுவோம். நானூறு கேள்விக்குப் பதில் எழுதுன கை, நானூத்தி ஒண்ணுக்கு எழுதாதா?

— உன் தைரியத்துல பாதி எனக்கு இருந்தா அன்னிக்கே உண்மையச் சொல்லியிருப்பேன்.

— வந்திருச்சு! படம் அனுப்பியிருக்கான். பேங்க் சிலிப்பு. மகேன் கணக்குல ஒண்ணரை லட்சம் போட்டிருக்கு, உங்ககிட்ட அவன் கெபுன் வாங்குனதுக்கு மொத நாளு.

— போட்டது யாரு?

— இருங்க, பெரிசாக்கிப் பாக்குறேன்.

— மோகனா, போட்டது யாருன்னு கேக்குறேன். ஒய்.பி.யா?

— இல்ல.

— கட்சி ஆளா?

— அதுவும் இல்ல. அரசாங்கமும் இல்ல, யாரும் இல்ல. கேஸு முடிஞ்சிருச்சு தலைவரே. சைபர். ஆனா இந்தப் பேர நான் படிக்க மாட்டேன்.

— ஏன் லா? எதுக்கு நீ கண்ணத் தொடைக்கிற? கண்ணாடி இல்லன்னு சொன்னேன்ல, படி!

— கொண்டா மோகனா, நான் படிக்கிறேன்.

— சாரதா! நீ எப்ப வந்த?

— மகேன் லோரியில இப்பத்தான் எறங்குனேன். என்னாங்க, இந்தப் பூவப் புடிங்க, கையெல்லாம் ஈரம். எங்க... 'பணம் செலுத்தியவர், சாரதா ஏ பி ராமசாமி.' ராமசாமியோட மவ. ராமசாமி உங்க மாமனாரு பேரு. அது நெனப்பு இருக்கும்ல?

— சாரதா...

— நிலத்த விக்கப் போறீங்கன்னதும் அந்தப் பையன் நேரா என்கிட்டதான் வந்தான். 'சித்தப்பா கெபுன விக்கிறாரு சின்னம்மா, என்ன செய்ய'ன்னான். நீயே வாங்குற மாதிரி வாங்கு, காசு நான் தர்றேன்னேன். இபிஎப் காசு ஒரு லட்சத்துச் சொச்சம், கொறைக்கு என்னோட காப்பும் சங்கிலியும்.

— ராமேஸ்வரம் போற காசு அது!

— கடல் எங்கயும் போயிறாது.

— அப்ப கெபுனு?

— மூணாவது மாசமே மகேன் எம்பேருக்கு மாத்திக் குடுத்துட்டான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எவன் வீட்டுப் பூவையோவா பறிச்சுட்டு வந்து உங்க மேசையில வெச்சேன்?

— அன்னிக்கு அழுதியே. பஜாக்குன்னு சொன்ன அன்னிக்கு, நடு வீட்டுல உக்காந்து அழுதியே.

— அழத்தான் செஞ்சேன். கெபுனுக்காக இல்ல. கூட வாழுறவ மொகத்தப் பாத்து ஒரு பொய்யச் சொன்னீங்களே, அதுக்கு.

— தப்புதான் சாரதா.

— தப்புதான். அதப் பத்தி நெறைய பேசணும். பஜாக் முடிய இன்னும் அஞ்சு வருஷம் இருக்குல்ல, நிதானமாப் பேசிக்கலாம்.

— அக்கா, மன்னிச்சுக்குங்க, நான் வேலையப் பேசணும். அதிகாரிங்க உங்களையும் கூப்புட்டுக் கேப்பாங்க. இபிஎப்னா அரசாங்கக் காசான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?

— எஞ்சம்பளத்துல மாசா மாசம் புடிச்சதும்மா. எஸ்டேட்டும் அதோட பங்கப் போட்டுச்சு. மொத மாசத்திலேருந்து ஒரு சம்பளச் சீட்டு விடாம பிஸ்கட் டின்னுல இருக்கு. இதோ, மகேன் உன் மெசேஜக் காட்டுனதும் வழியில வீட்டுல நின்னு எடுத்துக் கொண்டாந்திருக்கேன். நீ சொல்லுவியே, எழுத்துல இருக்கு.

— தலைவரே, வண்டிச் சத்தம். வந்துட்டாங்க. இன்னும் பத்து மணிகூட ஆவல!

— இருங்க, இருங்க. சாரதா, அந்த அட்டைய என்ன செய்யட்டும்? ஏணி இங்கதான் இருக்கு, ஒரு நிமிஷத்துல கழட்டிர்றேன்.

— எதுக்குங்க? தொங்கட்டும். அவங்களுக்குப் போட்டோ வேணும்னா புதுசா ஒண்ணு எடுத்துக்கச் சொல்லுங்க. நீங்க அந்தப் பக்கம் புடிங்க, ஒண்ணரை லட்சம் குடுத்தவ நான் இந்தப் பக்கம் புடிக்கிறேன்.